கருப்பு வளைவில் கையை எடுத்தவர்கள்

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். போக்குவரத்துப் போலீஸில் என்னிடம் வேலை பழகிய பெண். கொடைக்கானல் மலைப்பாதையில் நான் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். வளைவுகளில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார்களாம். ஹெல்மெட் போடாதவனையும், மூன்று பேராக ஏறிப் போகிறவனையும், போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவனையும் அதுவே படம் பிடித்து அனுப்பிவிடுகிறது. அவளுக்கு ஒரு சந்தேகம். "அம்மா, ஒரு வளைவுல மட்டும் ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுற மாதிரியே படம் வருது. சில பேரு கண்ணை வேற மூடியிருக்காங்க. இதை என்னன்னும்மா எழுதுறது?" என்று கேட்டாள்.

எந்த வளைவு என்று கேட்டேன். சொன்னாள். நான் நினைத்த வளைவு இல்லை, வேறொன்று. அங்கே புதிதாகப் பிள்ளையார் யாராவது வந்திருக்கிறாரா என்று கேட்டேன். ஆமாம், ஆறு மாதமாக இருக்கிறார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டியம்மாள். ஊர் அய்யம்பாளையம். முப்பத்து மூன்று வருடம் காக்கி போட்டு எஸ்.எஸ்.ஐ. ஆக ஓய்வு பெற்றேன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். பைக்கில் எட்டுப் போடச் சொன்னார்கள், ஆறு வரைக்கும் போட்டுவிட்டு வேலியில் விழுந்தோம். கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். நிறுத்தினவன் சொல்லும் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் நிற்பதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நானே பழகிக்கொண்டேன்.

சீசன் நேரத்து மலைப்பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஏறும் பஸ், கீழே இறங்கும் கேரட் லாரி, யாரோ வாந்தி எடுப்பதற்காக ஓரம் கட்டிய கார், அது ஏன் நிற்கிறது என்று தெரியாமல் பின்னால் ஹாரன் அடிக்கும் நாற்பது கார். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து வருவது இரண்டு சக்கர வண்டி. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு மலை முழுக்க உருட்டிக்கொண்டே இறங்குகிறவர்கள் உண்டு. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. விழுந்தால் முழங்கைதான் முதலில் விழும் என்று கணக்கு போலிருக்கிறது. ஒருவன் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான். ஏன் தலையில் போடவில்லை என்று கேட்டேன். உள்ளே பிளம்ஸ் பழம் இருக்கிறது, நசுங்கிவிடும் என்றான். நசுங்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது பழம் மட்டும்தான்.

இந்தக் கதை நடந்தபோது நான் ஏட்டு. எங்கள் இன்ஸ்பெக்டர் தர்மலிங்கம் அய்யா. ஒல்லியான மனிதர். கோபம் வந்தாலும் வெளியே தெரியாது. திட்ட வேண்டுமென்றால் "சாப்பிட்டியாம்மா?" என்பார். சாப்பிட்டேன் என்று சொன்னால், "அதான் தூங்குற போலருக்கு" என்பார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் இருக்கும். எழுதும் விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரர். "சுமார் பத்தடி" என்று எழுதிக் கொண்டுபோனால், அந்த சுமாரை அளந்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவார். மழையில் போய் அளந்து வந்திருக்கிறேன். ஒன்பதரை அடி.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. விபத்து நடந்த இடத்தில் அதை மறுபடியும் நடத்திப் பார்ப்பார். வண்டியை வைத்து அல்ல, எங்களை வைத்து. "நீ பைக்கு. நான் பஸ்ஸு. அந்தா நிக்கிறவரு லாரி" என்று ஆளாளுக்கு வேஷம் கொடுத்துவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் எங்களை நடக்க வைப்பார். ஒரு தடவை எனக்குக் குறுக்கே வந்த மாட்டு வேஷம். மாடு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "மாடு நீதான" என்றார்.

இனி கருப்பு வளைவு. மலையில் பாதி ஏறியதும் வரும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதன் ஓரத்தில் ஒரு கருப்பசாமி. நட்ட கல், அரிவாள், சிமெண்டு மேடை, கயிறு கயிறாக மணி. பூசாரி மூக்கையா, ஐம்பது வயதிருக்கும், காலையில் எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டிவிட்டு மத்தியானம் வந்து பூசை செய்வார். அந்த வளைவைக் கடக்கும் எந்த டிரைவரும் சாமியைப் பார்க்காமல் போக மாட்டார். நானும்தான். மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் கீழே பள்ளம் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டேன். கருப்பசாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூச்சு வரும். அந்தச் சாமி இல்லையென்றால் முதல் மாதமே லீவு போட்டு இறங்கியிருப்பேன்.

அந்த வளைவில்தான் பைக்குகள் விழுந்துகொண்டே இருந்தன. பெரிய அடி இல்லை. முட்டி சிராய்ப்பு, கண்ணாடி உடைவது, அவ்வளவுதான். விழுந்தவர்களிடம் காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மண் சறுக்கியது, மேகம் மறைத்தது, குரங்கு வந்தது. ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் மேல் பழி போட்டார், மச்சான் ஆடினாராம். இவ்வளவு நடந்தும் உயிர் தப்பியது கருப்பு புண்ணியம் என்று எல்லோரும் அடுத்த வாரமே திரும்ப வந்து மணி கட்டுவார்கள். தனியாக வர மாட்டார்கள், பத்து பைக்கில் கூட்டமாக வருவார்கள். அதில் ஒருவர் விழுவார். அவர் அடுத்த வாரம் பத்து பேரைக் கூட்டி வருவார். மணிகள் பெருகிக்கொண்டே போயின.

பிறகு கன்னிவாடியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். வண்டி வளைவில் சாய்ந்தது. அந்தப் பெண் உருண்டு போய் எதிரே ஏறி வந்த பஸ்ஸின் முன்னால் கிடந்தாள். பஸ் டிரைவர் கவனமான மனிதர், நிறுத்திவிட்டார். சக்கரத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாமி என் மேல கோவிச்சுக்கிருச்சாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளனே அய்யா எங்களை வளைவில் நிறுத்திவிட்டார். நான் பைக், அவர் பஸ். கைப்பிடிக்குப் பதிலாக என் குடையைக் குறுக்கே பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேலேயிருந்து கோட்டின் மேல் நடந்து வந்தேன். அவர் கீழேயிருந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், பஸ்ஸாக வந்தார். நிஜ பஸ் ஒன்று அவருக்குப் பின்னால் வந்து வழி கிடைக்காமல் நின்றது. டூரிஸ்டுகள் இறங்கி வீடியோ எடுத்தார்கள். மூன்று தடவை நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. மண் இல்லை, சரளை இல்லை. நாலாவது தடவை, "ஏம்மா, நீ போலீஸா நடக்குற. கன்னிவாடிக்குப் போற மாதிரி நட" என்றார். சரி என்று, வீட்டுக்குப் போகிற நினைப்பில் சாதாரணமாக நடந்தேன். சாமி பக்கத்தில் வந்ததும் குடை கீழே விழுந்தது.

ஏன் விழுந்தது என்று எனக்கே புரியவில்லை. பிறகு பார்த்தால் என் இரண்டு கையும் என் கன்னத்தில் இருந்தன.

அய்யா குடையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். அதற்குப் பிறகு விழுந்தவர்கள் எல்லோரையும் தேடிப் போய் ஒரே கேள்வி கேட்டோம். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வளைவு வந்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டிருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் ஹெல்மெட்டின் மேலேயே போட்டிருக்கிறார்கள். தட்டின தட்டில் முன் கண்ணாடி சடாரென்று மூடி ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது. கன்னிவாடிப் பெண் புருஷனைப் பிடித்திருந்த கையையும் எடுத்திருக்கிறாள். கும்பிட்டதால் விழுந்தேன் என்று சொன்னால் பழி சாமி மேல் போகுமே என்று குரங்கின் மேல் போட்டிருக்கிறார்கள்.

அய்யா நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். அதுதான் வினையாகப் போயிற்று. மேலிடத்திலிருந்து பதில் வந்தது: விபத்துக்குக் காரணம் கோயில் என்று தெரிவதால், சீசன் முடிந்ததும் கோயிலை அகற்ற ஏற்பாடு செய்யவும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையை நானே பார்த்துக்கொண்டேன். காட்டிக்கொடுத்தது என் கைதானே. அய்யாவிடம் போய் அழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் இன்னொரு கடிதம் எழுதினார். சீசன் முழுவதும் அந்த வளைவில் ஒரு விபத்துகூட இல்லையென்றால் மறுபடி யோசிக்கலாம் என்று பதில் வந்தது. ஒருவர் விழுந்தாலும் கருப்பு கிளம்ப வேண்டியதுதான். மூக்கையாவிடம் இதைச் சொன்னதும் அவர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் தாத்தா நட்ட கல்லு என்றார்.

முதலில் ஒரு போர்டு வைத்தோம்: "கைப்பிடியை விடாதீர்." சாமிக்கு முன்னால் வைத்ததால் அதையும் சாமி சம்பந்தப்பட்டது என்று நினைத்து, போர்டுக்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அடுத்து அய்யா யோசித்து வேறு வாசகம் எழுதினார்: "மனதுக்குள் கும்பிடவும்." மனதுக்குள் கும்பிட வேண்டுமென்றால் கண்ணை மூட வேண்டுமே. வளைவில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். அந்த போர்டை நானே ஓடிப் போய்ப் பிடுங்கினேன். பிறகு நான் விசிலோடு அங்கேயே நின்று பார்த்தேன். வளைவில் திடீரென்று போலீஸைப் பார்த்ததும், டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் எடுத்து அவசரமாக மாட்டினார்கள். சாமியாவது கையை எடுக்க வைத்தது. நான் கையையும் எடுக்க வைத்தேன், முகத்தையும் மறைக்க வைத்தேன். அய்யா வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். நான் இறங்கிவிட்டேன்.

வழி எனக்கு ஒரு லாரி டிரைவரிடமிருந்து கிடைத்தது. அவர் கையை எடுக்கவே மாட்டார். சாமி வந்ததும் நீளமாக ஒரு ஹாரன். கேட்டால், இதுதான் என் கும்பிடு என்றார். மலை வளைவில் ஹாரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் விதியும்கூட. பைக்கில் ஹாரன் அடிக்க இடது கட்டை விரல் கைப்பிடியில் இருந்தாக வேண்டும். சாமிக்கும் ஆயிற்று, சட்டத்துக்கும் ஆயிற்று. கருப்புக்கு ஹாரன் சத்தம்தான் பிடிக்கும், கையெடுத்துக் கும்பிட வேண்டாம் என்று அருள்வாக்காகச் சொல்லிவிடுங்கள் என்று மூக்கையாவிடம் கேட்டேன்.

அவர் ஒரேயடியாக மறுத்தார். "சாமி சொல்லாததைச் சொன்னதா நான் சொல்ல மாட்டேன் ஏட்டம்மா. கோயிலு போனாலும் போகட்டும்" என்றார். கேட்டுத்தான் பாருங்களேன் என்றேன். மறுநாள் போனபோது அவரே வந்தார். "கேட்டேன். சாமி சரின்னு சொல்லலை. வேணாம்னும் சொல்லலை. சும்மா கெடக்கு" என்றார். சும்மா இருந்தால் சம்மதம் என்று எங்கள் டிபார்ட்மெண்டில் எடுத்துக்கொள்வோம் என்றேன். கடைசியில், சாமி சொன்னதாகச் சொல்ல மாட்டேன், நான் கேட்டுக்கொள்வதாகச் சொல்கிறேன் என்றார். அப்படியே ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, "கையை எடுக்காம ஹாரன் அடிச்சுக் கும்பிடுங்க சாமி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். போலீஸ் சொன்னால் கேட்காத கூட்டம், பூசாரி கும்பிட்டதும் கேட்டது.

அந்த சீசன் மாதிரி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பீப்பீ, பாம்பாம், குழந்தை அழுகிற ஹாரன், கல்யாண பஸ்ஸின் ஏழு ஸ்வர ஹாரன். குரங்குகள் வேறு வளைவு பார்த்துக்கொண்டு போய்விட்டன. பக்கத்துத் தங்கும் விடுதியிலிருந்து தினம் புகார் வந்தது. ஹாரன் வேலை செய்யாத ஒருவர் வாயாலேயே "பாம்" என்று கத்திவிட்டுப் போனார். ஆனால் ஒருவரும் விழவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். நானும் மூக்கையாவும் நாள்காட்டியைக் கிழிக்கக்கூடப் பயந்தோம்.

சீசனின் கடைசி நாள் சாயங்காலம். பாதை கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. நானும் மூக்கையாவும் மேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து அய்யா தன்னுடைய பைக்கில் இறங்கி வந்தார். அவர் சாமி கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஹெல்மெட் சரியாகப் போட்டு, வார் மாட்டி, இரண்டாவது கியரில், பாடப் புத்தகம் மாதிரி வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். சாமியைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகியது. இரண்டு கையும் மேலே போய் ஹெல்மெட்டில் டக் டக்கென்று தட்டியது. முன் கண்ணாடி மூடிக்கொண்டது.

வண்டி நேராகப் போய் ரோட்டோர ஓடையில் படுத்தது. அவர் தரையில் உட்கார்ந்தபடியே சறுக்கி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தார். பேண்ட் கிழிந்திருந்தது, முழங்கையில் ரத்தம். வேறொன்றும் இல்லை. மூக்கையா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விசும்பினார்.

நான்தான் முதலில் சுதாரித்தேன். மேலும் கீழும் பார்த்தேன். ஒரு வண்டி இல்லை.

"யாரும் பாக்கலைங்கய்யா" என்றேன்.

"நான் பாத்தேன்ல" என்றார் அவர்.

எவ்வளவோ சொன்னேன். நீங்கள் விழவில்லை, வண்டியிலிருந்து இறங்கினீர்கள் என்று எழுதிக்கொள்ளலாம் என்றேன். அது டி.எஸ்.பி. பதவி உயர்வு அவருக்கு வர வேண்டிய வருடம் என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. எழுந்து சாக்பீஸை எடுத்துத் தான் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். சக்கரத் தடத்தை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்க போய் கல்லுப் பக்கத்துல நில்லும்மா. நீ சாமி. நான் பைக்கு."

வேலையில் நான் எத்தனையோ வேஷம் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பூட்ஸைக் கழற்றினேன். மூக்கையாவைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அய்யா மேலே போய், நொண்டிக்கொண்டே கோட்டின் மேல் நடந்து வந்து, எனக்கு நேராக நின்று குறிப்பு நோட்டை எடுத்தார்.

"நீ ரோட்டுக்குள்ள வந்தியா?"

"இல்லைங்கய்யா."

"என்னையக் கூப்புட்டியா?"

"இல்லைங்கய்யா."

"கையை எடுக்கச் சொன்னியா?"

"கையை எடுக்க வேணாம்னுதான் பூசாரி ஒன்றரை மாசமாக் கத்துனாருங்கய்யா" என்றேன்.

அய்யா எழுதிக்கொண்டார். அங்கேயே மேடையில் உட்கார்ந்து அறிக்கையை முடித்தார். விபத்து ஒன்று நடந்தது. விழுந்தவர் போக்குவரத்து இன்ஸ்பெக்டர். வளைவையும் ஆபத்தையும் நன்றாக அறிந்தவர், எச்சரிக்கை போர்டு வைத்தவரே அவர்தான். கோயில் இருந்த இடத்தில் இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தவறு முழுவதும் ஓட்டியவருடையது. கவனக்குறைவாக ஓட்டியதற்கு அவர் மேல் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. கீழே தன் பெயரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்திலும், விசாரணை அதிகாரி என்ற இடத்திலும் எழுதினார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபமும் மரியாதையும் எது எவ்வளவு என்று இன்று வரைக்கும் பிரிக்க முடியவில்லை.

அறிக்கை மேலே போனது. இன்ஸ்பெக்டர் கீழே விழுந்ததற்காகச் சாமியைத் தூக்கினார்கள் என்று பேப்பரில் வந்தால் எப்படி இருக்கும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். கோயில் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். அய்யாவின் பதவி உயர்வைத்தான் ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். கூடவே அவருக்கு ஒரு மெமோ வந்தது. ஓடும் வண்டியில் இரண்டு கைகளையும் கைப்பிடியிலிருந்து எடுத்ததற்கான காரணத்தை விரிவாக எழுதவும் என்று கேட்டு, பதிலுக்கு முக்கால் பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

அய்யா எழுதி, மடித்து, என்னிடம் கொடுத்து அனுப்பினார். வழியில் மனது கேட்காமல் பிரித்துப் பார்த்தேன். அந்த முக்கால் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லும் கையெழுத்தும் இருந்தன.

"கும்பிட்டேன்."